நேரா பேட்டரியிலேயே கொடுத்துடு!

புது செட் வாங்கியாயிற்று. சென்னைக்காரர் என்றால் ஜி.பி. ரோட்டில், வேறு ஊர் என்றால் பைபாஸ் ஓரத்துக் கார் அக்சசரீஸ் கடையில். அட்டைப்பெட்டியில் '50 வாட் × 4' என்று தங்க நிறத்தில் மின்னுகிறது. மாட்டிக் கொடுக்கக் கடைக்காரர் சொன்ன கூலியைக் கேட்டு மிரண்டு, "நானே மாட்டிக்கிறேண்ணே" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியும் விட்டீர்கள். பாடுகிறது. ஆனால் வால்யூமை முப்பதுக்கு மேல் ஏற்றினால், 'தும்' என்று இறங்க வேண்டிய பேஸ் 'டப்' என்று விழுகிறது.

நோய் என்னவென்று உங்களுக்கே தெரியும்: பவர் பத்தவில்லை. மருந்தும் தெரியும். தெருமுனை டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: "நேரா பேட்டரியிலேயே கொடுத்துடு!"

கொடுத்துவிடுவோம். எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள், முறையாகச் செய்யுங்கள். தேவையானவை: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஸ்பேனர், கொஞ்சம் மிச்ச ஒயர், ஒரு சுருள் இன்சுலேஷன் டேப், செல்போனில் டார்ச் அடிக்க ஒரு மச்சான்.

1. எதையும் அளந்து பார்க்காதீர்கள்

மல்டிமீட்டர் பக்கமே போக வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் செய்து, பாட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, செட்டுக்குப் பின்னால் வரும் மஞ்சள் ஒயரில் அதை வைத்தால் 13.8, 14 வோல்ட் என்று காட்டித் தொலைக்கும். அப்புறம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வேலையே இருக்காது. அந்த மஞ்சள் ஒயர் ஏற்கெனவே பேட்டரியிலிருந்துதான் வருகிறது, நடுவில் ஃபியூஸ் பாக்ஸ் வழியாக. இன்றைக்கு நீங்கள் கண்டுபிடிக்கப்போவதைக் கம்பெனிக்காரன் வண்டி செய்யும்போதே செய்து வைத்திருக்கிறான். மனதைத் தளர்த்தும் தகவல். ஒதுக்குங்கள்.

செட்டைத் திருப்பி அதன் முதுகையும் பார்க்காதீர்கள். அங்கே சின்னதாக ஒரு சிவப்பு ஃபியூஸ் உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் '10' என்று எழுதியிருக்கும். 10 ஆம்பியர், 14 வோல்ட், பெருக்கினால் 140 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். செட்டின் பின்னால் அலுமினியத் தகடு வைத்திருப்பது அதற்குத்தான். மிச்சத்தை நாலு ஸ்பீக்கருக்கும் பிரித்தால் தலைக்கு இருபது வாட் சொச்சம். அப்படியானால் அட்டைப்பெட்டியில் போட்ட 200 வாட் எங்கிருந்து வருகிறது? அட்டைப்பெட்டியிலிருந்துதான். நம் அப்பாக்கள் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்திருந்ததை நம்பி டேப் ரெக்கார்டர் வாங்கினார்கள். நாம் இதை நம்புவோம், குடும்ப வழக்கத்தை விடக் கூடாது.

எவ்வளவு தடித்த ஒயர் இழுத்தாலும் அந்தப் பத்து ஆம்பியர் வாசலைத் தாண்டி எதுவும் உள்ளே போகாது என்பதையும் யோசிக்காதீர்கள். 'டப்' என்ற சத்தத்துக்குக் காரணம், கதவுக்குள் கம்பெனி வைத்த காகிதக் கூம்பு ஸ்பீக்கராக இருக்கலாம். நீங்கள் கடைசி வரை ஏற்றி வைத்திருக்கும் பேஸாகவும் இருக்கலாம். அதைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது கோழைகள் செய்யும் வேலை.

2. ஒயரைப் பரணில் தேடுங்கள்

காலிங் பெல்லுக்குப் போட்டது போக மிச்சம், தீபாவளி சீரியல் செட்டில் அறுத்து வைத்தது, எது கிடைத்தாலும் சரி. கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 14/76 கேளுங்கள். 0.0076 அங்குலக் கம்பியில் பதினாலு இழை. அங்குலக் கணக்கு ஒழிந்தும் கடையில் அந்தப் பேர் ஒழியவில்லை. "லோடு என்ன சார்? 40/76 தரட்டுமா?" என்று கடைப்பையன் கேட்பான். "பாட்டு கேக்கத்தாம்பா" என்று வாயை அடையுங்கள். அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதனால்தான் அடைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பதினாலு இழையும் சேர்ந்தால் செம்பு 0.4 சதுர மில்லிமீட்டர் தேறும். மீட்டருக்கு 0.04 ஓம் தடை. பேட்டரியிலிருந்து எஞ்சினைச் சுற்றி டேஷ்போர்டுக்குள் வந்து சேர 5 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், 0.2 ஓம். பேஸ் அடிக்கிற நொடியில் செட் 10 ஆம்பியர் இழுத்தால், ஒயரே 2 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும். பேட்டரியில் 13.8 இருக்கும், செட்டுக்கு 11.8 வந்து சேரும். பவரைக் கூட்டப் புறப்பட்டு, கம்பெனி ஒயர் கொடுத்ததைவிடக் குறைத்துக் கொடுக்கிறோம். இந்தக் கலையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

இன்னும் மலிவு வேண்டுமென்றால் செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் இருக்கிறது. பார்வைக்குச் செம்புதான், தடை மட்டும் அதிகம். ஒயர் நீளமாக இருந்தால் வெட்டாதீர்கள்; நாளைக்கு உதவும். வளையமாகச் சுருட்டி கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் திணித்துவிடுங்கள்.

நிறம் பச்சையாக அமைந்தால் உத்தமம். வீட்டு ஒயரிங்கில் பச்சை என்றால் எர்த். உங்கள் வண்டியில் அது பேட்டரி பிளஸ். பின்னாளில் பானட்டைத் திறக்கும் மெக்கானிக்கின் வாழ்க்கையிலும் கொஞ்சம் சுவாரசியம் வேண்டாமா?

3. பிளஸ்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்

மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும். கழற்றினால் கடிகாரம் போய்விடும், எஃப்.எம். ஸ்டேஷன்களை மறுபடி ஏற்ற வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? இருப்பதிலேயே நீளமான ஸ்பேனரை எடுத்து நேராகப் பிளஸ் நட்டைத் திருகுங்கள். காரின் உடம்பு முழுக்க மைனஸ் என்பதால், ஸ்பேனரின் மறுமுனை பக்கத்தில் எந்தத் தகட்டில் பட்டாலும் ஒரு நீல வெளிச்சம் வரும். மச்சான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு "அய்யோ" என்பான். ஸ்பேனரின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். "ஒண்ணுமில்ல, செக் பண்ணேன்" என்று சொல்லுங்கள்.

ஒயரின் முனையைப் பல்லால் கடித்து உரியுங்கள். பதினாலு இழையில் நாலைந்து வாயோடு வரும், மிச்சம் போதும். லக் வைத்துக் கிரிம்ப் செய்தால் சில ரூபாய் செலவு, பத்து வருஷம் பிடிப்பு. அதெல்லாம் மெக்கானிக் கடைக்காரர்களுக்கு. நீங்கள் இழைகளை விரலால் முறுக்கி, டெர்மினல் போல்ட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நட்டைக் கையாலேயே இறுக்குங்கள். லூஸாக இருந்தால் நல்லது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அங்கே பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அவை இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்த புண்ணியம் உங்களுக்கு.

4. ஃபியூஸ் வேண்டவே வேண்டாம்

பயந்தவர்கள் இங்கேதான் குட்டையைக் குழப்புவார்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைத்தே ஆக வேண்டும் என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "செட்டுக்குப் பின்னாடிதான் ஒரு ஃபியூஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

அருமையான கேள்வி. பதிலைத் தேடாமல் இருக்கும் வரை அருமையாகவே இருக்கும். செட்டின் முதுகில் இருப்பது செட்டுக்குக் காவல். பேட்டரிப் பக்கம் வைப்பது ஒயருக்குக் காவல். நீங்கள் இழுத்த 5 மீட்டரில் எங்கே நசுங்கினாலும், செட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸுக்கு அந்தச் சேதி போகவே போகாது, ஏனென்றால் அது வரிசையில் கடைசியில் நிற்கிறது. கரண்ட் அது வரை வந்தால்தானே அது போகும். கம்பெனிக்காரன் ஃபியூஸ் பாக்ஸைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்த காரணம் இதுதான். நீங்கள் அந்தப் பாக்ஸைத் தாண்டித்தான் இன்றைக்கு ஒயர் இழுக்கிறீர்கள்.

வீட்டில் யாராவது நச்சரித்தால் ஒப்புக்கு ஒரு ஃபியூஸ் ஹோல்டர் வாங்கி, டேஷ்போர்டுக்குள், செட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கை எட்டும், மாற்றுவது சுலபம். 10 போட்டால் ஒருநாள் போகும். ஏன் போயிற்று என்று பார்க்காமல் நீல நிற 15 போடுங்கள். அதுவும் போனால் பச்சை நிற 30. முப்பதும் போனால் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாள். அது போகவே போகாது.

5. ஃபயர்வாலைத் தாண்டுங்கள்

எஞ்சினுக்கும் உங்கள் முழங்காலுக்கும் நடுவே இருக்கிற தகடு. கம்பெனி ஒயரெல்லாம் ஒரு ரப்பர் வளையம் வழியாக அதற்குள் நுழையும். அந்த ரப்பரில் சின்னதாகக் கீறி உங்கள் ஒயரையும் நுழைக்கலாம். ஆனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்துத் தேட வேண்டும். அதைத் தவிர்க்க மூன்று வழிகள்: வேறு ஏதாவது ஓட்டையில் நுழைத்துவிடுங்கள்; டிரில் போட்டு நீங்களே ஓட்டை போட்டு, விளிம்பை ராவாமல் விடுங்கள்; பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன்கதவு கீல் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். மூன்றாவது என் சொந்த விருப்பம். ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் ஒயர் கொஞ்சம் நசுங்கும், உங்கள் உழைப்பு வீண் போகவில்லை என்ற நிறைவு கிடைக்கும்.

தகட்டு விளிம்பில் உட்கார்ந்த ஒயரை மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் அதிர்வு ஒருபக்கம், நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒருபக்கம். மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு தகட்டைத் தொடும். தகடு மைனஸ். பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை ஒயர் 2 மீட்டர், தடை 0.1 ஓமுக்கும் குறைவு. 12 வோல்ட்டைத் தடையால் வகுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல் வரும். சும்மா நிற்கும் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்கே அந்த அளவுதான் தேவை, பேட்டரியைச் செய்ததே அதற்காக. அதனால் அது தயங்காமல் கொடுக்கும். பக்கெட் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு கிட்டத்தட்ட எவ்வளவு சூட்டைக் கக்குமோ, அவ்வளவும் அந்த 2 மீட்டர் மெல்லிய ஒயரில் இறங்கும். சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி.

புகை வந்தால் பதறாதீர்கள். சாவியை அணையுங்கள். நிற்காது. சாவிக்கும் உங்கள் ஒயருக்கும்தான் சம்பந்தமே இல்லையே. அதைத்தானே காலையிலிருந்து மச்சானிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? பேட்டரியைக் கழற்றினால் நிற்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் வீட்டில் இருக்கிறது.

6. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்குங்கள்

செட்டில் இரண்டு பிளஸ் ஒயர் வரும். மஞ்சள், எப்போதும் கரண்ட் வேண்டியது. கடிகாரம், ஸ்டேஷன் நினைவுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது. 'இப்போது விழித்துக்கொள், இப்போது தூங்கு' என்று செட்டுக்குச் சொல்வது சிவப்புதான். இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பச்சை ஒயரில் கட்டிவிட்டால் செட்டுக்குத் தூக்கமே கிடையாது. சாவி இல்லாமலே பாடும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சாவியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். அவர் வண்டியில் இது முடியாது.

சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் இருக்கும். சத்தத்தைக் குறைத்துவிட்டு அணைக்க மறந்த செட் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், எழுபது மணி நேரத்தில் முழுதும் காலி. செல்ஃப் எடுக்காமல் போக அவ்வளவு நேரம்கூட வேண்டாம். எழும்பூர் ஸ்டேஷன் பார்க்கிங்கில் வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியை விட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். கல்யாணம் முடிந்து திங்கள் விடியற்காலை, தூக்கக் கலக்கத்தில் இரண்டு குழந்தைகள், நாலு பை, ஒரு தாம்பூலப் பை மூட்டையோடு வந்து சாவியைத் திருப்புங்கள். டிக். டிக் டிக் டிக். வீட்டம்மா எதுவும் பேச மாட்டார். அந்த மௌனத்துக்கு ஆம்பியர் கணக்கு கிடையாது.

இப்படி நாலைந்து தடவை அடிமட்டம் வரை இறக்குங்கள். கார் பேட்டரி நொடிநேரம் நிறையக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பும் வேலைக்குச் செய்தது. காலியாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. "பேட்டரி கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லுங்கள். உங்களைப் போல் நேராகக் கொடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

7. எர்த் எங்கே வேண்டுமானாலும்

டேஷ்போர்டுக்குள் கண்ணில் படும் முதல் ஸ்குரூவில் கறுப்பைச் சொருகுங்கள். பெயின்டைச் சுரண்ட வேண்டாம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு ராகம் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். ஆல்டர்நேட்டர் பாடுகிறது. கேட்கக் கூடாது என்றால் வால்யூமைக் கூட்டுங்கள்.

8. டேப் சுற்றுங்கள், நிறைய

ஒயர் சேர்த்த இடமெல்லாம் முறுக்கி டேப். சாலிடர், கிரிம்ப், கப்ளர், எதுவும் வேண்டாம். மே மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கை வைத்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் டேப்பின் பசை கறுப்புத் தேனாக இளகும், சுற்று மெல்ல நழுவும், அடியில் பளபளவென்று செம்பு எட்டிப் பார்க்கும். மேலே இன்னொரு சுற்று.

9. எஞ்சினை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நாலு கதவையும் திறந்து, எஞ்சினை அணைத்து, முழுச் சத்தத்தில் ஒரு மணி நேரம். எஞ்சின் ஓடினால் ஆல்டர்நேட்டர் 14 வோல்ட் கொடுக்கும். அணைத்தால் நல்ல பேட்டரியே 12.6தான், அதிலும் ஒயர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பவர் மிகக் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தத்தை மிக அதிகமாக வைக்கிறீர்கள். 'டப்' இப்போது 'டர்ர்' ஆகும். "செம பேஸ் மச்சான்" என்பான் மச்சான். அவன் மேல் தப்பில்லை, மதியம் உங்கள் வீட்டில்தான் அவனுக்கு பிரியாணி.

பிறகு வண்டி எடுக்காது. தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் தள்ளியும் பயனில்லை, இரண்டாம் மாடி அங்கிளிடம் ஜம்பர் கேபிள் கேளுங்கள். கடைசி முனையை பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டச் சொல்வார். அவர் ரிட்டயர்டு, நிதானமாகத்தான் சொல்வார். நீங்கள் நேராக மைனஸ் டெர்மினலிலேயே மாட்டுங்கள். நேராகக் கொடுப்பதுதானே நம் கொள்கை.

10. இன்சூரன்ஸ்காரரிடம் மூச்சு விடாதீர்கள்

கம்பெனியில் வராத எலக்ட்ரிக்கல் பொருளுக்கு மதிப்பைச் சொல்லி, வழக்கமாக அதில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால் பாலிசியில் சேர்ப்பார்கள். பத்தாயிரம் ரூபாய் செட்டுக்கு நானூறு ரூபாய்! அதில் இரண்டு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாம். நாளைக்கு சர்வேயர் வந்து கரிந்த பச்சை ஒயரைப் பேனா முனையால் தூக்கிப் பிடித்து "இது என்ன சார்?" என்றால், மச்சானைப் பாருங்கள்.

11. அதே ஒயரில் இன்னும் கொஞ்சம்

இவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்த ஒயர் ஒரு செட்டோடு நிற்கலாமா? நடுவில் உரித்து டேஷ்கேமரா. இன்னொரு இடத்தில் உரித்து காலடி எல்.இ.டி. கொஞ்சம் தள்ளி ஒரு செல்போன் சார்ஜர். தீபாவளி போனஸ் வந்ததும் டிக்கியில் ஆம்ப், ஊஃபர்.

ஆம்ப் மட்டும் ஒரு விதிவிலக்கு. அதற்கு உண்மையிலேயே பேட்டரியிலிருந்து நேராக, விரல் தடிமனில் ஒயர் வேண்டும், ஒரு முழத்துக்குள் ஃபியூஸும் வேண்டும். இவ்வளவு நேரம் நீங்கள் செய்த காரியத்துக்கு நியாயம் இருக்கிற ஒரே இடம் அதுதான். ஆகவே அங்கே போய் சிக்கனம் பிடியுங்கள். ஏற்கெனவே இருக்கிற பதினாலு இழையிலிருந்தே கிளை எடுத்துவிடுங்கள்.

12. வண்டியை விற்றுவிடுங்கள்

இந்தக் கட்டம் தானாகவே வரும். விளம்பரத்தில் 'சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், ஹெவி மியூசிக் சிஸ்டம்' என்று போடுங்கள். பார்க்க வருபவர் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவருவார். அவர் பானட்டைத் திறப்பார், பேட்டரியைக் குனிந்து பார்ப்பார், விரலால் அந்தப் பச்சை ஒயரை இழுத்துப் பார்ப்பார்.

"இது என்னங்க?"

"கம்பெனியிலேயே வந்ததுங்க. எர்த்து."